மஞ்சள் தாளில் ஒரு பெயர்

அக்டோபர் 28, செவ்வாய்

ஹாங்காங் வந்து சேர்ந்தேன். விமானம் இறங்கும்போதே மலை தெரிந்தது. அடிவாரம் என்று ஒன்று இல்லாமல் கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பி நிற்கிறது. இதுதான் லாண்டாவ் தீவு. விமான நிலையமே இந்தத் தீவின் ஓரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலை மறைத்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார். தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று தமிழிலேயே சொன்னேன். நகர்த்தினார். முப்பது வருடம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் பி.டி. டீச்சராகக் கத்திய குரலுக்கு மொழி தேவையில்லை.

மருமகள் தாரிணி வந்திருந்தாள். கல்யாணத்தின்போது பார்த்ததில் பாதிதான் இருக்கிறாள். தோள் இரண்டும் முன்னால் விழுந்து கிடக்கின்றன. நெற்றியில் பொட்டு இல்லை. அங்கே வைத்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகக் குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினேன்.

"வச்சுக்கோம்மா. அவன் வந்து பாத்தா என்ன நெனப்பான்?"

வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீடு தூங் சுங் என்ற ஊரில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலைதான். எனக்குப் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு அவள் ஹாலில் படுத்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

என் மகன் கோமதிநாயகம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் இந்த மலைக்கு நடக்கப் போனான். அன்றைக்கு நல்ல மூடுபனியாம். இன்னும் திரும்பவில்லை. போலீஸ், தீயணைப்பு வீரர்கள், ஹெலிகாப்டர், இந்த ஊர்த் தமிழர்கள் என்று எல்லாரும் தேடினார்கள். மே மாதம் ஒரு செங்குத்தான பள்ளத்துக்குள் அவன் பை கிடைத்தது. பைதானே கிடைத்தது! அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். காணாமல் போனவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் பார்க்க வேண்டும், அதுவரை எந்தக் காரியமும் செய்யக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். போலீஸுக்கு அவசரம் இருக்கலாம், எனக்கு இல்லை.

அப்போதே வந்திருப்பேன். அவன் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. அவர் எழுந்து நடக்க இத்தனை மாதம் ஆகிவிட்டது. நவம்பர் பத்தாம் தேதிவரை இங்கே இருக்கலாம். அதற்குள் அவன் நடந்த பாதையெல்லாம் நடந்து பார்த்துவிட வேண்டும். அறுபத்தொரு வயதானாலும் என் முழங்கால் என் பேச்சைக் கேட்கும்.

அக்டோபர் 29, புதன்

இன்றைக்கு இங்கே அரசு விடுமுறை. காலையில் ஜன்னலில் நின்று பார்த்தால் ஊரே மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், எல்லார் கையிலும் பூ. "என்ன விசேஷம்?" என்று தாரிணியைக் கேட்டேன்.

"எல்லாரும் மலை ஏறுத நாள் அத்தே."

இப்படி ஒரு பண்டிகை வைத்தவன் நல்ல மனுஷன். நம் ஊரில் பண்டிகை என்றால் தின்பதும் படுப்பதும்தான்.

மலைச்சரிவில் சிமெண்டுக் கல்லறைகள் இருக்கின்றன. குடும்பம் குடும்பமாக நின்று புல் வெட்டி, பூ வைத்து, ஆரஞ்சுப் பழம் அடுக்குகிறார்கள். நல்ல பழக்கம். தாரிணி அங்கே நின்று நின்று வந்தாள். வேடிக்கை பார்க்க இது நேரமா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கம்பியில் தொங்கும் வண்டி இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன். அவன் அதில் போகமாட்டானாம். பள்ளத்தாக்கு வழியாக நடந்து மேலே நொங் பிங் போனோம். அங்கேதான் பெரிய புத்தர் இருக்கிறார். வெண்கலம். எவ்வளவு பெரியவர் என்று எழுதினால் ஊரில் என் வீட்டுக்காரர் நம்பமாட்டார். வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுகிறார். "பயப்படாதேன்னு அர்த்தம் அத்தே" என்றாள் தாரிணி. அபய ஹஸ்தம் எனக்குத் தெரியாதா! ஆனால் மைதானத்தில் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான். நில். படி ஏறும்போதெல்லாம் என்னைப் பார்த்து நில் என்று சொல்வது போலவே இருந்தது. நான் நிற்கவில்லை.

இறங்கி வரும்போது வழியில் ஒரு மாடு படுத்திருந்தது. கட்டுவாரும் இல்லை, ஓட்டுவாரும் இல்லை. அவன் போனில் இந்த மாடுகளைப் பற்றி நிறையச் சொல்வான். மாட்டுக்கு அவனைத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. தாரிணிக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். நான் அழுதால் அவள் உடைந்துபோவாள்.

அக்டோபர் 30, வியாழன்

தாரிணிக்கு ஆபீஸ். வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அவன் சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அலமாரியில் இருந்தே மங்கிக்கொண்டு வருகின்றன. சாயங்காலம் வந்த தாரிணி கொடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு ஒரு சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். "சோப்பு வாசம்தான் வருது அத்தே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பின்னே, துவைத்த துணியில் வேறென்ன வாசம் வரும்? ரொம்ப நேரம் குளித்தாள்.

நவம்பர் 1, சனி

இன்றைக்கு நல்ல காரியம் ஒன்று நடந்தது.

நாங்கள் புதன்கிழமை ஏறிப்போன அதே பள்ளத்தாக்கில், மூங்கிலுக்குள் கிளை பிரியும் கல்படிப் பாதையில், சின்னதாக ஒரு மடம் இருக்கிறது. பெரிய புத்தரிடம் போகும் கூட்டம் இங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே மூன்று பெண் துறவிகள்தான். மொட்டைத் தலை, சாம்பல் நிற அங்கி. மூத்தவருக்கு என் வயது இருக்கும், முதுகு மட்டும் என் மாணவிகளில் ஒருத்திக்கும் வாய்க்காத முதுகு. அப்படி ஒரு நிமிர்வு. நாயகம் மலைக்கு வரும்போதெல்லாம் இங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவானாம். அவன் படத்தைக் காட்டினோம். அந்த அம்மா படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். தாரிணி அவரிடம் சீன மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். ஆறு வருடத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே ஒரு மேஜை. அதில் இரண்டு அடுக்காகத் தாள்கள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். பெயர் எழுதிக் கொடுத்தால் சந்நிதியில் ஒட்டிவைத்து அந்தப் பெயருக்காக தினமும் மந்திரம் சொல்கிறார்கள். நம் ஊர் அர்ச்சனை மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். நாயகத்தின் பெயரை எழுத வேண்டும் என்றேன். அந்த அம்மா சிவப்புத் தாளை எடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்மேல் சிவப்பு மை விழுந்தால் அந்தப் பிள்ளையின் பேரை அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் பிள்ளை பேரையா சிவப்பில் எழுதுவார்கள்? "அது வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டு நானே மஞ்சள் தாளை எடுத்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள், தாலிக்கயிற்றில் மஞ்சள், புதுத்துணிக்கு மஞ்சள். இதைவிட மங்கலம் என்ன இருக்கிறது?

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தாரிணியிடம் ஏதோ கேட்டார். தாரிணி என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார். தாரிணி ஒரே ஒரு சொல் சொல்லித் தலையாட்டினாள். நான் குச்சிப் பேனாவை வாங்கித் தமிழிலேயே, முத்து முத்தாக எழுதினேன். ச. கோமதிநாயகம்.

ஒட்டிவைத்த இடமும் நல்ல இடம். பக்கவாட்டில் ஒரு தனி மண்டபம், ஜன்னல் வழியாக மலை முகடு தெரிகிறது. சுவர் நிறைய மஞ்சள் தாள்கள், அத்தனையும் சீன எழுத்து, நடுவில் என் தமிழ் எழுத்து மட்டும் தனியாகத் தெரிகிறது. கீழே பழம், சோறு, தேநீர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். தாரிணி விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. முதுகு குலுங்கியது. நம்பிக்கையோடு கும்பிட்டால் இப்படித்தான் உருகிப் போவோம் என்று நானும் சும்மா இருந்தேன். வந்த நாளிலிருந்து அவள் இப்படி மனம்விட்டுச் சாமி கும்பிட்டு நான் பார்க்கவில்லை.

வெளியே மர பெஞ்சில் நூடுல்ஸும் காளானும் கொடுத்தார்கள். தாரிணி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். இன்னொரு கிண்ணமும் வாங்கினாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

மீராசாகிபு காக்கா வந்தார். காயல்பட்டினத்துக்காரர், அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இங்கே ரொம்ப வருடமாக ரத்தின வியாபாரம். நாயகத்தைத் தேடியபோது போலீஸோடு கூடவே மலையில் அலைந்தவர் இவர். இந்தத் தீவின் மிகப் பெரிய மலைக்கு எங்களைக் கூட்டிப்போனார். மூச்சு வாங்குகிறது அவருக்கு, ஆனால் உட்காரமாட்டேன் என்கிறார். கால் விரலை வெளியே திருப்பி நடக்கிறார், அதுதான் காரணம். சொன்னேன். "இனிமே திருந்தியா டீச்சர் ஒலிம்பிக் போகப் போறேன்?" என்றார்.

மேலே ஏறினால் நாலா பக்கமும் கடல். சின்னச் சின்னத் தீவுகள், விமானம் நமக்குக் கீழே பறக்கிறது. கிழக்கே இன்னொரு மலை முழுக்க வெள்ளி நிறப் புல், காற்றுக்கு மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக எழுந்திருக்கிறது. இவ்வளவு அழகான இடத்துக்கு என் பிள்ளை வாரம் தவறாமல் வந்திருக்கிறான் என்று பெருமையாகத்தான் இருந்தது.

இறங்கும் வழியில் ஒரு இடத்தில் காக்கா நின்றார். பாதைக்குப் பக்கத்தில் சரளைக் கல், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கீழே பச்சையாகப் பள்ளம்.

"பை இங்கனதான் கெடச்சது. அந்த மரம் தெரியுதா டீச்சர், அதுக்கும் கீழே. கயிறு கட்டி எறங்குனாங்க. அதுக்கு மேல போக வழி இல்லேன்னுட்டாங்க."

எட்டிப் பார்த்தேன். தாரிணி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான், காற்று உருட்டிவிட்டிருக்கும், எடுக்க முடியாமல் வேறு பக்கமாக இறங்கிப் போயிருப்பான். தலையில் கிலையில் அடிபட்டு யார் என்று தெரியாமல் எங்கேயாவது இருக்கலாம். இதையெல்லாம் சொன்னேன். காக்கா "ம்" என்றார். தாரிணி "போவோமா அத்தே" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

கால் வலி. வெளியே போகவில்லை. முறுக்கு சுட்டேன். சாப்பிட ஆள் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தனியாகவே பஸ் ஏறி தை ஓ போனேன். தீவின் மேற்கு ஓரத்து மீனவர் ஊர். தண்ணீருக்குள் கால் ஊன்றி வீடுகள் நிற்கின்றன. இறால் விழுது காயப்போட்ட வாசம் ஊர் எல்லையிலேயே ஆளைப் பிடிக்கிறது. தூத்துக்குடிக் கருவாட்டுக் கடையில் நிற்பது மாதிரி இருந்தது. தாரிணி சீனத்தில் அச்சடித்து வைத்திருந்த அறிவிப்பை வீடு வீடாகக் காட்டினேன். சிலர் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். ஒரு அம்மா என்னை உட்காரவைத்துச் சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மொழி எனக்குத் தெரியாது, ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார். அழக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. மொழி தெரியாதவர் முன்னால் அழுவது சுலபமாக இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

ஊரிலிருந்து இவர் போன் செய்தார். சங்கரன்கோவிலில் மழையாம். ஐப்பசிப் பௌர்ணமி, கோயிலில் அன்னாபிஷேகம், போனீர்களா என்றேன். போகவில்லையாம். அடுத்த தெருவில் இருக்கும் கோயிலுக்குப் போக என்ன கேடு? டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கிறார்.

"கோயிலுக்குப் போகக் கூடாதுல்லா" என்றார்.

"யாரு சொன்னா போகக் கூடாதுன்னு?"

"மழைன்னு சொன்னேன்" என்றார். பிறகு, "நீ வந்துரு ஆவுடை" என்றார். பத்தாம் தேதி வருவேன் என்று தெரியும், பின்னே எதற்கு தினமும் இதையே சொல்கிறார்?

நவம்பர் 6, வியாழன்

எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மீராசாகிபு காக்கா வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டம்மா நெய்ச்சோறு கொடுத்துவிட்டிருந்தார். தாரிணி இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. பேச்சுவாக்கில் மடத்தில் பெயர் எழுதி ஒட்டிய கதையைச் சொல்லி, போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். காக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன காக்கா?"

"ஒண்ணுமில்லே டீச்சர். நல்லா எழுதியிருக்கீங்கோ."

"மூஞ்சி சரியில்லையே. சொல்லுங்க."

அவர் சொல்லமாட்டேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த ஊரு மடங்கள்லே செவப்புத் தாளு ஹயாத்தா, உசுரோட இருக்கறவங்களுக்கு. நல்லா இருக்கணும்னு எழுதுறது. மஞ்சத் தாளு மவுத்தானவங்களுக்கு உள்ளது. தெரியாம எடுத்துட்டீங்கோ, அதுலே ஒண்ணுமில்லே. மாத்திக் கேட்டா மாத்திக் குடுத்துருவாங்கோ."

என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளை பேரை என் கையாலேயே, முத்து முத்தாக! பழம் வைத்திருக்கிறார்கள், சோறு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேனே. அது என்ன சோறு என்று இப்போதுதான் தெரிகிறது. என் வாயில் என்னென்ன வந்ததோ, பாவம் காக்காவைத்தான் திட்டியிருப்பேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

தாரிணி வந்ததும் சொன்னேன். இப்போதே போகலாம் என்றேன். இருட்டிவிட்டது, நாளைக்கு லீவு போடுகிறேன் என்றாள். பதறுவாள் என்று நினைத்தேன். பதறவில்லை. ஆபீஸ் அலுப்பாக இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் மலை உச்சி தெரியவில்லை, மேகம். நான் முன்னால் ஏறினேன். தாரிணி பின்னாலேயே வந்தாள்.

மடத்தில் மூத்த துறவி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நேராக மேஜைக்குப் போய்ச் சிவப்புத் தாளில் கை வைத்தேன்.

"சொல்லு தாரிணி. தெரியாம மாத்தி எழுதிட்டோம், அதைக் கிழிச்சுட்டு இதுல எழுதணும்னு சொல்லு."

அவள் சிவப்புத் தாளிலிருந்து என் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"சொல்லேம்மா."

"மாத்த வேண்டாம் அத்தே."

"என்ன பேசுத நீ? அது செத்தவங்களுக்குள்ளதுன்னு காக்கா சொல்லுதாரு."

"தெரியும். அன்னைக்கே தெரியும்." குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "நீங்க மஞ்சளை எடுத்ததும் இவங்க என்கிட்ட கேட்டாங்க, அவரு தவறிட்டாரான்னு. ரெண்டு தடவ கேட்டாங்க. நான் ஆமான்னு சொன்னேன்."

தெரிந்துமா எழுதவிட்டாய் என்று கேட்டேன். கேட்டேனா கத்தினேனா தெரியாது, மற்ற இரண்டு துறவிகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அந்தப் பையை நீங்க பாக்கல. நான்தான் ஸ்டேஷன்ல போயி வாங்குனேன். அதுல இருந்த ரத்தம் அவரோடதுன்னு சோதிச்சு சொல்லிட்டாங்க. மாமாகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லாதன்னுட்டாங்க." மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அழ ஒரு எடம் இல்ல அத்தே. போன்ல அழுதா, எதுக்கு அழுத, அவன் வருவான்லான்னு சொல்லுவீங்க. எங்கம்மா ஒப்பாரி வச்சப்ப நீங்க சண்டைக்குப் போனீங்க. அன்னைக்குத்தான் அவரு பேருக்கு முன்னால நின்னு அழுதேன். அதையும் எடுத்துராதீங்க."

அடித்துவிடுவேனோ என்று பயந்து நான் வெளியே வந்துவிட்டேன். வந்த வேகத்திலேயே படிகளில் இறங்கினேன். துரோகி என்று நினைத்தேன். அதற்கு மேலும் நினைத்தேன், அதை எழுத மாட்டேன்.

மூங்கில் தாண்டி, பாதை பிரியும் இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அவள் பின்னால் வருவாள், மன்னிப்புக் கேட்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். வரவில்லை. மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. எதிரே இருந்த மரம் மறைந்தது. பிறகு படிகள் மறைந்தன. அவள் வரவே இல்லை.

திடீரென்று நினைவு வந்தது. மடத்துக்குப் பின்னாலிருந்து மலை முகட்டுக்கு ஒரு பாதை போகிறது. அந்தப் பள்ளத்துக்கும் அதுதான் வழி. நான் எழுந்து ஓடினேன். "தாரிணி! தாரிணி!" என்று கத்திக்கொண்டே ஏறினேன். மைதானம் முழுக்கக் கேட்கும் குரல் என் குரல், அது எனக்கு முன்னாலேயே விழுந்து செத்தது. வழுக்கி விழுந்து முட்டியில் ரத்தம். சங்கரன்கோவில் கோமதி அம்மா, இவளையும் கொண்டுபோகாதே என்று வேண்டிக்கொண்டேன்.

இவளையும் என்று நானே சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து மடத்துக்குள் போனேன்.

அவள் எங்கேயும் போகவில்லை. மஞ்சள் தாள் மண்டபத்தில், நாயகத்தின் பெயருக்குக் கீழே, தரையில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த தூக்கம். யாரோ ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வயது. தாயைவிட்டு இத்தனை தூரத்தில், அவன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டு, இந்த ஏழு மாதமும் இவள் தனியாக இருந்திருக்கிறாள். அந்த வாசத்தையும் நான் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். விழித்துப் பார்த்து, "அத்தே" என்றாள். "தூங்கு" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். ஒப்பாரி எனக்குத் தெரியாது, என் அம்மா பாடிக் கேட்டிருக்கிறேன். அதில் ஞாபகம் இருந்த இரண்டு வரியைப் பாடினேன். சீனத்துச் சாமிக்கு முன்னால் பாடினேன். யாரும் தடுக்கவில்லை.

கிளம்பும்போது மூத்த துறவி அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். சிவப்புத் தாளையும் பக்கத்தில் வைத்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கையால் காட்டினார். நான் சிவப்பைத் தள்ளி வைத்தேன். அவர் மஞ்சள் தாளின் ஓரத்தில் வெறுமையாக இருந்த ஒரு ஒல்லிக் கட்டத்தைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"அது என்ன?" என்றேன்.

"யாரு அவருக்காக எழுதுதாங்களோ அவங்க பேரு. உயிரோட இருக்கவங்க பேரு."

"அன்னைக்கு ஏன் எழுதல?"

"நான் எழுதுனா நீங்க கேப்பீங்களேன்னு."

குச்சிப் பேனாவை அவளிடம் கொடுத்தேன். முதலில் அவள் எழுதினாள். அவளுக்குக் கீழே, இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கி, நான் எழுதினேன். ச. ஆவுடையம்மாள். அம்மா.

நவம்பர் 8, சனி

இவருக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உடம்பு கிடைக்காதவர்களுக்குக் காரியம் எப்படிச் செய்வார்கள் என்று யாரிடமாவது கேட்டு வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"தர்ப்பையில உருவம் செஞ்சு வச்சு செய்வாங்க" என்றார். "ஆடியிலேயே கேட்டு வச்சிட்டேன்."

"பன்னெண்டு வருசம்லா பாக்கணும்?"

"அது நீ சொன்னது ஆவுடை. நான் சரின்னேன்."

கோயிலுக்கு ஏன் போகவில்லை என்று இப்போது புரிகிறது. இந்த மனுஷன் மே மாதத்திலிருந்து தீட்டுக் காத்திருக்கிறார். நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்தவர், பக்கத்திலேயே படுத்திருந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகனுக்குத் தனியாகத் துக்கம் காத்திருக்கிறார். நான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு இருந்தேன். எல்லாரையும் நான் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போனில் அவர் அழுவதைக் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. வைக்க மனமில்லை. காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பெட்டி கட்டினேன். காரியத்துக்குத் தாரிணியும் வருகிறாள், ஆபீஸில் சொல்லிவிட்டு வியாழக்கிழமை கிளம்புகிறாள். அப்புறம் இங்கேயே திரும்பி வந்து இருக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தேவலை என்று இருக்கிறதாம். இரு என்றேன். உங்கள் அம்மா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

காலையில் வழக்கம் போலக் குங்குமத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். வைக்கவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு வைக்கணும்னு தோணுனா வையி. வேண்டாம்னா விடு. இனிமே என்ட்ட கேக்காத" என்றேன்.

வைக்கவில்லை. மத்தியானம் கடைக்குப் போகும்போது ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அதுதான் நன்றாக இருக்கிறது.

மீராசாகிபு காக்கா வீட்டுக்குப் போய் அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "திட்டுனீங்களா? எனக்குக் கேக்கலியே டீச்சர்" என்றார். பொய். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நவம்பர் 10, திங்கள்

விமானத்தில் எழுதுகிறேன். கிளம்பும்போது மலை தெரியவில்லை, அந்தப் பக்கத்து ஜன்னல் கிடைக்கவில்லை.

பக்கத்தில் ஆம்பூர்க்காரப் பெண், மகளின் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். வாய் ஓயாத மனுஷி. பேத்தி படம் எல்லாம் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது, "உங்களுக்கு எத்தினி பசங்கம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பையன்."

"ஆங்காங்குல தான் இருக்காரா?"

"ஆமா. மலையில நடக்கப் போனான். ஏப்ரல்ல இறந்துட்டான்."

ஐயோ என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சென்னை வரும்வரை அந்தப் பெண் என் கையை விடவில்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை.